மாகாளியின் தலை

மார்கழி பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். பாலக்காட்டின் பழைய கல்பாத்தியில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கீழே ஒரு கூடை வந்து இறங்கும். அந்தச் சத்தம் காதில் விழுவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஈர மண், நன்னாரி, அதோடு மூட்டைப்பூச்சி நசுங்கினால் வருமே ஒரு வாடை, மூன்றும் கலந்த வாசனை. "மாகாளி வந்துடுத்து" என்று சொல்லிக்கொண்டே பாட்டி அடுக்களையிலிருந்து எழுந்து வருவாள்.

கூடையை இறக்கியவள் கிழக்கே மலையடிவாரத்திலிருந்து விடியுமுன் புறப்பட்டு நடந்து வந்தவள். கூடையின் மேல் மூடியிருந்த இலையை விலக்குவாள். விரல் தடிமனில், பழுப்புத் தோலோடு கிழங்குகள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். பாட்டி ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்ப்பாள். 'டக்'கென்று ஒடிந்து பால் கசிந்தால் நல்ல கிழங்கு. வளைந்தால் வாடியது.

"தலை ஒண்ணும் வந்துடலையே?" என்று பாட்டி வருஷம் தவறாமல் கேட்பாள்.

"தலையத் தொடமாட்டோம் அம்மியாரே. தலையப் பிடுங்கிட்டா அடுத்த வருஷம் எதைக் கொண்டு வர்றது?"

வருஷம் தவறாமல் அதே பதில்தான் வரும். எனக்கு அப்போது எட்டு வயதோ ஒன்பதோ. எழுபதுகளின் தொடக்கம். கிழங்குக்கு ஏது தலை என்று விளங்காமல் கூடைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறேன். கொடியும் வேரும் சேரும் இடத்தில் முடிச்சுப்போல் இருக்கும் பகுதிதான் தலை என்று பிறகு கூடைக்காரியே காட்டினாள். பாறை இடுக்கில் கடப்பாரையை விட்டு நெம்பி, பக்கவாட்டில் ஓடும் வேர்களில் முற்றியவற்றை மட்டும் அறுத்துக்கொண்டு, இளசை விட்டுவிட்டு, தலையை மறுபடி மண்ணால் மூடிவிட்டு வருவார்களாம். மழை பெய்தால் தலையிலிருந்து கொடி தழைத்து வரும். ஒரே இடத்துக்கு அடுத்த வருஷமே திரும்பப் போகவும் மாட்டார்களாம். இதையெல்லாம் அவள் சர்வசாதாரணமாகச் சொன்னாள். ஒரு காட்டை எப்படி வைத்துக்கொள்வது என்ற முழுப் பாடமும் அந்தச் சில வாக்கியங்களில் இருந்ததை உணர எனக்கு நாற்பது வருஷம் ஆயிற்று.

ஊருக்கு ஊர் இதற்குப் பெயர் மாறும். மாகாளி, மாகாணி, மாவலிக் கிழங்கு, பெருநன்னாரி என்பார்கள். கன்னடத்தில் மாகாளி பேரு. தாவரவியலில் டெகாலெபிஸ் ஹாமில்டோனி. ராபர்ட் வைட்டும் வாக்கர் ஆர்னாட்டும் 1834-ல் இந்தப் பெயரை வெளியிட்டார்கள். பின்னாளில் கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்திப் பண்ணைகளைக் கவனித்துக்கொண்டு பத்து வருஷத்துக்கு மேல் இருந்த அதே வைட்தான். தென்னிந்தியாவின் வறண்ட மலைச்சரிவுகளையும் பாறைக்காடுகளையும் விட்டால் உலகில் வேறெங்கும் இந்தக் கொடி இயல்பாக முளைப்பதில்லை. எங்கள் இலையில் மோர் சாதத்துக்குப் பக்கத்தில் வந்து விழும் நாலு துண்டுக்கு உலகத்திலேயே இந்த ஒரு நிலம்தான் பிறந்த வீடு.

கல்பாத்தியில் வருஷத்தின் ஓட்டமே ஊறுகாய்ப் பரணிகளின் ஓட்டம்தான். ஐப்பசிக் கடைசியில் விசுவநாத சுவாமி கோவில் தேர். தேர் நிலைக்கு வந்து, வந்த உறவெல்லாம் ஊர் திரும்பி, மார்கழி பஜனை தொடங்கினால் மாகாளி. மாசியில் மாவடு, அதைக் கண்ணிமாங்காய் என்றும் சொல்வோம். பங்குனி வெயிலில் கொண்டாட்டம் என்று நாங்கள் சொல்லும் உலர்த்திய காய், அப்பளம், வற்றல். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வரும் காய்ந்த காற்றும் கேரளத்தில் வேறெங்கும் இல்லாத அந்த வெயிலும் சேர்ந்து கொடுத்த வரம் இது. மழைக்காலம் மூன்று மாதம் ஓயாமல் கொட்டும்போது காய்கறிக்கு எங்கே போவது? பரணியைத் திறப்பதுதான் வழி.

மாகாளி ஊறுகாய் போடுவதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இப்போது பாதிப்பேர் அதைப் பார்த்ததில்லை.

முதலில் கிழங்கை அண்டாவில் தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவைப்பார்கள். பாறை மண் லேசில் போகாது. காலையில் நாலைந்து தண்ணீரில் தேய்த்துக் கழுவவேண்டும். பிறகு தோல் சீவுதல். அரிவாள்மணைக்கு முன்னால் பாட்டி, அத்தை, பக்கத்து வீட்டு மாமிகள் இருவர். பழுப்புத் தோல் போனதும் உள்ளே சந்தன வெள்ளை. நடுவே மரம்போல் ஒரு நரம்பு ஓடும். அதை எடுக்காவிட்டால் தின்கிறவன் வாயில் சக்கைதான் மிஞ்சும். கிழங்கை நீளவாக்கில் கீறி, இரண்டு கட்டைவிரலாலும் பிளந்தால் நரம்பு தனியாகக் கழன்று வரும். அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுப்பார்கள். நரம்பு அறுபடாமல் முழுசாக வந்தால் எங்களுக்குள் ஒரு பெருமை. கைவிரல்களில் வாசம் இரண்டு நாள் நிற்கும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த பையன் நகர்ந்து உட்காருவான்.

நறுக்கிய துண்டுகளை உடனே மோரில் போடவேண்டும், இல்லையென்றால் கறுத்துவிடும். கல்லுப்பு, மஞ்சள், மிளகாய்ப் பொடி, கடுகுப் பொடி. வெண்ணெய் எடுத்த, நன்றாகப் புளித்த கட்டி மோர். அவ்வளவுதான். எண்ணெய் இல்லை, அடுப்பு இல்லை. பரணியில் நிரப்பி, வாயில் வெள்ளைத்துணி கட்டி, தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து மரக்கரண்டியால் ஒருதரம் கிளறுவாள் பாட்டி. "ஈரக்கை படப்படாது" என்பது வீட்டின் சட்டம். பத்து நாளில் காரமும் புளிப்பும் உள்ளே இறங்கும். ஒரு மாதத்தில் அந்தப் பூச்சி வாடை அடங்கி வேறொரு மணம் எழும். அதை எப்படிச் சொல்வது? வெயிலில் காய்ந்த பாறைமேல் முதல் மழை விழுந்தால் வருகிற வாசனையில் கொஞ்சம் இனிப்பைக் கலந்துபாருங்கள், கிட்டத்தட்ட அதுதான்.

அந்த இனிப்புக்கு வேதியியலில் விளக்கம் உண்டு. வனிலா மணத்தைத் தரும் வனிலினும், மாகாளியின் மணப்பொருளும் கிட்டத்தட்ட உடன்பிறப்புகள். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கள் இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில் இருக்கின்றன. அவை அமர்ந்திருக்கும் இடம் மட்டும் வேறு. ஐஸ்கிரீமில் நமக்குப் பிடித்த மணமும், முதல்முறை முகர்ந்தவர் முகம் சுளிக்கும் மணமும் இத்தனை நெருக்கம்.

மணத்தோடு அது நிற்பதில்லை. ஐரோப்பாவில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் வேலியோரம் படர்ந்த காட்டு ஹாப்ஸ் கொடியின் பூங்கதிர்களைப் பறித்து உலர்த்தி வைத்துக்கொள்வார்கள். அந்தப் பூவின் கசப்பு பானத்துக்குச் சுவை தருவதோடு அதைக் கெடுக்கவரும் நுண்ணுயிர்களையும் தடுக்கும். மாகாளியும் அந்த ரகம்தான். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், இந்த வேர், சேமித்த தானியத்தைப் பூச்சி தாக்காமல் காப்பதை 1999-ல் எழுதினார்கள். வேரே தன்னைக் காத்துக்கொள்ளும் சரக்கு. அதற்கு உப்பும் மோரின் புளிப்பும் துணை வந்தால் ஒரு வருஷம் கெடாமல் இருப்பதில் என்ன ஆச்சரியம்? பாட்டிக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் அரிசிப் பானைக்குள் காய்ந்த மாகாளித் தோலைப் போட்டுவைப்பாள்.

மாவடுவும் காட்டிலிருந்தும் தொடிகளிலிருந்தும் வந்ததுதான். தொடி என்றால் வீட்டுத் தோட்டம். நட்டு வளர்த்த ஒட்டுமாவின் பிஞ்சு வடுவுக்கு ஆகாது. நாட்டு மாவின் பிஞ்சு வேண்டும், காம்பில் பால் சுரீரென்று பீச்சவேண்டும். அந்தப் பாலில்தான் மணமும் இருக்கிறது, காப்பும் இருக்கிறது. கீழே விழாமல், காம்போடு பறித்து, துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல்லுப்போடு அடுக்குவார்கள். இன்று மாவட்டத்தில் மாம்பழத்துக்குக் குறைவில்லை. முதலமடை மாந்தோப்புகளிலிருந்து நாட்டிலேயே முந்திப் பழுக்கும் மாம்பழம் டெல்லிக்கும் வெளிநாட்டுக்கும் போகிறது. ஆனால் சாலையோரத்து நாட்டு மாமரங்கள் பாதையை அகலப்படுத்துவதற்கும் மரப்பட்டறைக்கும் போய்விட்டன. மாம்பழம் பெருகிய ஊரில் மாவடு குறைந்துவிட்டது.

எங்கள் வீட்டில் ஆறு பரணி இருந்தன. இடுப்பு உயரத்தில் இரண்டு, முழங்கால் உயரத்தில் நாலு. எல்லாம் பழுப்பும் வெள்ளையுமான பீங்கான். இன்று ஒன்று மிச்சம். அதில் குடை வைத்திருக்கிறோம்.

பரணி காலியானதன் கதை ஓரளவு நிலத்தின் கதையும்தான். 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் குத்தகை முறை ஒழிந்தது. உழுதவருக்கு நிலம் போனது. அது நியாயம், எங்கள் வீட்டுப் பெரியவர்களே பின்னாளில் அதை ஒப்புக்கொண்டார்கள். குத்தகை நெல் வரவு நின்ற எங்கள் அக்ரஹாரத்தில் படித்த பிள்ளைகள் பம்பாய்க்கும் டெல்லிக்கும் சென்னைக்கும் வேலை தேடிப் போனார்கள். வீட்டில் மிஞ்சியது கைப்பக்குவம் மட்டும். உறவுக்காரர்களுக்குப் போட்டுக் கொடுத்த ஊறுகாய் விலைக்கு வந்தது. அப்பளம், கொண்டாட்டம், வடுமாங்காய், மாகாளி என்று ஒவ்வொரு தெருவிலும் ஓரிரு வீடுகள் கடையாயின. பல குடும்பங்களை அந்த நாட்களில் தாங்கி நிறுத்தியது பெண்களின் கைதான். இதை ஊர் இன்னும் சரியாகப் பாராட்டவில்லை என்றே நினைக்கிறேன். ஊரின் மிருதங்க மேதைகளுக்கு விழா எடுக்கிறோம், எடுக்கத்தான் வேண்டும். விடியலில் எழுந்து நூறு ராத்தல் மிளகாய் காயவைத்த மாமிகளுக்கு ஒரு மாலைகூட விழுந்ததில்லை.

இன்று கல்பாத்தியில் தேர்க்காலத்தில் நடந்தால், கடை வாசலில் கண்ணாடிப் புட்டிகளும் பிளாஸ்டிக் பொட்டலங்களும் அடுக்கி நிற்கின்றன. எஃப்எஸ்எஸ்ஏஐ எண், காலாவதி தேதி, சிலவற்றில் சோடியம் பென்சோயேட். துபாய்க்கும் நியூஜெர்சிக்கும் கூரியர் போகிறது. புட்டியில் தேதி இருப்பது நல்லது, வாங்குகிறவருக்கு அது பாதுகாப்பு. இருந்தாலும் மோரும் உப்பும் வேரின் இயல்பான காரமும் பார்த்துக்கொண்ட வேலைக்கு ஏன் இன்னொரு ரசாயனம் தேவைப்பட்டது என்று யோசித்தால் விடை எளிது. பத்து நாள் காத்திருந்து ஊறவிட நேரமில்லை, புட்டி மாசக்கணக்கில் எங்கோ ஒரு கிடங்கில் நிற்கவேண்டும். தினமும் காலையில் கிளறுவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்?

என்னை உறுத்துவது புட்டியல்ல, புட்டிக்கு முந்தைய இடம். கூடைக்காரி வருவது என்றைக்கு நின்றது என்று யாருக்கும் நினைவில்லை. ஒரு வருஷம் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை, பிறகு சந்தையில் மூட்டையில் கிடைக்கிறது என்றார்கள். இருபது வருஷம் எங்கள் வாசலுக்கு வந்தவளின் பெயரை நாங்கள் கேட்டதில்லை. 'கிழங்குக்காரி' என்போம். அவள் தெருப்படியைத் தாண்டி ஏறியதில்லை, ஏறச் சொன்னதுமில்லை. ஒரு படி அரிசி, கொஞ்சம் காசு, கொட்டாங்கச்சியில் போன வருஷத்து மாகாளி. அவள் கொண்டுவந்த கிழங்கையே ஊறுகாயாக்கி அவளுக்குக் கொடுத்தோம். அதுதான் அன்றைய உறவு. அதை உயர்வாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த உறவில் ஒன்று இருந்தது. அவள் எந்தப் பாறையில் தோண்டினாள், தலையை விட்டாளா என்று பாட்டி கேட்க முடிந்தது. கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் எதிரில் நின்றாள்.

இப்போது கேட்பதற்கு ஆள் இல்லை. போன தை மாதம் மொத்த வியாபாரி ஒருவரிடம் மாகாளி வாங்கப் போனேன். எந்த மலைக் கிழங்கு என்றேன். "மூட்டை வரும் சார், இறக்குவோம். மலை எல்லாம் யாருக்குத் தெரியும்?" என்றார். பொய் சொல்லாமல் சொன்னதற்கு அவருக்கு நன்றி.

தேவை பலமடங்கு பெருகிவிட்டது. ஊறுகாய்க்கு மட்டும் என்றால் காடு தாங்கியிருக்கும். ராயலசீமாப் பக்கம் நன்னாரி சர்பத்துக்கு இந்த வேரைத்தான் காய்ச்சுகிறார்கள். வழக்கமான நன்னாரியான சிறுநன்னாரியின் வேர் மெலிது, சேர்ப்பது கஷ்டம். அதனால் மருந்துச் சரக்கிலும் அதன் இடத்தில் இந்தத் தடித்த வேர் போய் உட்கார்ந்துகொண்டது. எடைக்குக் காசு என்று ஆனபின் இளசு, முற்றல் என்ற பேச்சு கிடையாது. கடப்பாரை முழுசாகப் பெயர்த்துக்கொண்டு வருகிறது. 2015-ல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இந்தக் கொடியை அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் செம்பட்டியலில் சேர்த்தது.

நட்டு வளர்க்கலாமே என்று கேட்பார்கள். நானும் கேட்டேன். விதை சீக்கிரம் உயிர்விட்டுவிடும், முளைத்தாலும் கொஞ்சம்தான். தண்டை வெட்டி நட்டால் வேர் பிடிப்பது அபூர்வம். மைசூர் ஆய்வுக்கூடத்தில் திசு வளர்ப்பில் நாற்று உண்டாக்கியிருக்கிறார்கள், அது நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் ஆய்வுக்கூடக் குடுவையிலிருந்து உழவன் வரப்புக்கு வர நீண்ட தூரம் இருக்கிறது. நட்டவுடன் காசு பார்க்கவும் முடியாது, வேர் தடிக்க வருஷங்கள் வேண்டும். காட்டில் சும்மா கிடைக்கிறது என்ற நினைப்பு இருக்கும்வரை யார் அத்தனை வருஷம் காத்திருப்பார்கள்?

தடை போட்டுவிட்டால் தீர்ந்தது என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன மலையில் சோளிகர்கள் தலைமுறை தலைமுறையாக மாகாளி தோண்டியவர்கள். அங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லிக் காட்டுப்பொருள் சேகரிப்பதை நிறுத்தினார்கள். பிறகு 2006-ன் வன உரிமைச் சட்டத்தின் கீழ், 2011-ல், அந்தக் காடு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில், அவர்களின் சமூக உரிமை அங்கீகரிக்கப்பட்டது. காட்டை விட்டு வெளியேற்றாமல், காட்டுக்குள்ளேயே உரிமையோடு இருக்க வைத்தார்கள். தலையை விட்டுத் தோண்டத் தெரிந்தவர்கள் அவர்கள். அட்டப்பாடியின் இருளர், முடுகர், குறும்பர் கைகளிலும் அந்த மாதிரி அறிவு இருக்கும். அவர்களுக்குக் கிழங்கின் முழு விலை போய்ச் சேர்ந்தால் தலையைப் பிடுங்கும் அவசரம் குறையும் என்பது என் எண்ணம். கல்பாத்திக் கடைகள் ஒன்று சேர்ந்தால் அப்படி ஒரு கொள்முதல் ஏற்பாடு செய்யவும் முடியும். எங்கள் தெருக்களைப் பாரம்பரியம் என்று சொல்லி, ஓட்டுக் கூரையையும் திண்ணையையும் இடிக்கவிடாமல் காக்கிறார்கள். அதே அக்கறையில் ஒரு பங்கு, அந்தத் திண்ணைக்கு வந்து சேர்ந்த கிழங்குக்கும் வேண்டும்.

அன்று வாங்கிய இரண்டு கிலோவை வீட்டுக்குக் கொண்டுவந்து அண்டாவில் கொட்டினேன். இப்போதும் நானே போடுகிறேன், சின்ன ஜாடி ஒன்று மட்டும். மருமகள் பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். "என்ன அப்பா இந்த வாடை" என்று மூக்கைப் பொத்திக்கொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நரம்பு எடுப்பதைச் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது கிழங்கிலேயே முழுசாக எடுத்துவிட்டாள்.

அண்டாவின் அடியில் வேறுமாதிரி ஒன்று கையில் தட்டுப்பட்டது. எலுமிச்சம்பழ அளவில் முடிச்சு முடிச்சாக, ஒரு பக்கம் அறுந்த கொடியின் காய்ந்த துணுக்கு, மறுபக்கம் மூன்று வேர்கள் வெட்டப்பட்ட காயம். துழாவினேன். அதைப்போல் இன்னும் இரண்டு. எடை கூட்டுவதற்காக மூட்டையில் அப்படியே தள்ளியிருக்கிறார்கள்.

பாட்டியின் கேள்வி எனக்கு நினைவு வந்தது. மருமகளிடம் காட்டினேன்.

"இதுதான் தலை" என்றேன்.

"இதையும் நறுக்கணுமா?"

"வேண்டாம். அதை அப்படி வை."

ஜாடிக்குத் துணி கட்டிவிட்டு, மூன்றையும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். ஆற்றங்கரைப் படிக்கு மேலே, பழைய சுவர் இடிந்து கருங்கல் குவிந்திருக்கும் இடம் ஒன்று உண்டு. தண்ணீர் நிற்காது, பகல் முழுக்க வெயில். இரண்டு கல்லுக்கு நடுவே மணலும் மண்ணும் நிரப்பி, காய்ந்த துணுக்கு மேலே பார்க்க, மூன்றையும் வைத்து மூடினேன். மருமகள் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினாள்.

தென்மேற்குப் பருவமழையான எடவப்பாதி இறங்கிய பத்தாம் நாள் போய்ப் பார்த்தேன். இரண்டு அழுகிவிட்டன. மூன்றாவதில் சிவப்பாக ஒரு முனை, அரை விரல் நீளத்துக்குக் கிளம்பியிருந்தது.